மூன்று பிளேடு மாற்றியும் துடைக்காத பின் வைப்பர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 ஜூன் மாதம் எங்கள் பொள்ளாச்சிப் பட்டறைக்கு வந்த ஒரு சின்ன காரின் கதை இது. பின்புறம் செங்குத்தாக முடியும் ஐந்து கதவு வண்டி, ஏழு வருடப் பழசு. வண்டிக்காரர் வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் மருத்துவமனையில் செவிலியர். வாரம் ஒருமுறை பொள்ளாச்சியில் இருக்கும் வீட்டுக்குத் தானே ஓட்டிக்கொண்டு இறங்குவார், மறுநாள் ஏறுவார். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பாதையில் மழையும் மூடுபனியும் எஸ்டேட் வண்டிகள் இழுத்து வரும் செம்மண் சேறும் ஓயாது.

அவர் சொன்ன குறை ஒன்றுதான். பின் வைப்பர் ஓடுகிறது, ஆனால் துடைக்கவில்லை. "அண்ணா, ரப்பரை மாத்திட்டேதான் இருக்கறனுங்க. ரெண்டு நாளைக்கு நல்லாருக்குது, அப்புறம் சேத்தைப் பூசி விட்டுப் போயிடுது" என்றார்.

அதற்கு முந்தைய வாரம் அட்டகட்டிக்குக் கீழே ஒரு வளைவில் அரசுப் பேருந்து ஏறி வந்திருக்கிறது. மலைச் சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி. பேருந்து திரும்ப வளைவு முழுவதும் வேண்டும் என்பதால் இவர் பின்னால் எடுத்திருக்கிறார். பின் கண்ணாடியில் சேற்றுத் திரை. ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது 2019 ஜூலையில்தான், இந்த வண்டி அதற்கு முன்பே வந்தது. ஓரக் கற்சுவர் பம்பரின் இடது மூலையில் உரசிய பிறகுதான் எவ்வளவு தள்ளி வந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. சுவர் இல்லாத இடமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பின் கண்ணாடியின் நிலைமை

இந்தக் குறையைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முன் கண்ணாடியை மழை நேராக அடிக்கிறது. அதிலே வைப்பர் கொஞ்சம் சுமாராக இருந்தாலும் மழைத் தண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். பின் கண்ணாடிக்கு அந்த உதவி இல்லை. வண்டி ஓடும்போது கூரை மேல் வழுக்கி வரும் காற்று பின்முனையில் சட்டென்று விடுபடுகிறது. அங்கே அழுத்தம் குறைந்து காற்று சுழல்கிறது. பின் சக்கரங்கள் கிளப்பும் சேற்றுத் துளிகளை அந்தச் சுழல் மேலே இழுத்துக் கண்ணாடியில் ஒட்ட வைக்கிறது. டிக்கி நீட்டிக்கொண்டிருக்கும் செடான் வண்டியில் காற்று சரிந்த கண்ணாடியை ஒட்டியே பெரும்பாலும் இறங்கிவிடும். அதனால்தான் அவற்றில் பின் வைப்பர் அநேகமாக இருப்பதில்லை.

ஆக, பின் கண்ணாடிக்குச் சேறு நிறைய வருகிறது, கழுவும் தண்ணீர் குறைவாக வருகிறது. வாஷர் தண்ணீர் பீய்ச்சாவிட்டால் அங்கே எவ்வளவு நல்ல ரப்பரும் சேற்றை இழுவத்தான் செய்யும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் முதல் நாள் அந்த வழியில் யோசிக்கவில்லை.

முதல் வருகை

ஜூன் இரண்டாம் வாரம், ஒரு சனிக்கிழமை மாலை. பட்டறையில் நான்கு வண்டி காத்திருந்தன. பிளேடைப் பார்த்தோம். ரப்பரின் ஓரம் சுண்டிப்போய் இருந்தது. அவர் ஏற்கெனவே இரண்டு பிளேடு வெளியில் மாற்றியிருந்தார். கடையில் மலிவானது கொடுத்திருப்பார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டி, நல்ல தரத்தில் 12 அங்குலப் பிளேடு ஒன்றை மாட்டினோம். குழாயில் தண்ணீர் அடித்து வைப்பரைப் போட்டால் கண்ணாடி பளிச்சென்று ஆனது. அவரும் திருப்தியோடு போனார்.

அந்தச் சோதனைதான் எங்களை ஏமாற்றியது. குழாயிலிருந்து ஏராளமாக வழியும் நல்ல தண்ணீரை எந்த வைப்பரும் தள்ளிவிடும். மலைப் பாதையில் ஒட்டும் சேறு அப்படி இல்லை. செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் அழைத்து, மறுபடியும் அதே நிலைமை என்றார்.

இரண்டாம் வருகை: முதலில் தண்ணீர்

அடுத்த விடுமுறைக்கு வண்டியை இரண்டு நாள் எங்களிடம் விடச் சொன்னோம். இந்த முறை பிளேடைத் தொடவில்லை. வாஷர் பொத்தானை அழுத்தி, பின்னால் ஆளை நிறுத்திப் பார்த்தோம். முன் கண்ணாடிக்குத் தண்ணீர் நன்றாக அடித்தது. பின்பக்கம் மோட்டார் சத்தம் கேட்டது, தண்ணீர் வரவில்லை. பின் வாஷர் எப்போது கடைசியாக அடித்தது என்று கேட்டோம். அது வேலை செய்து பார்த்ததாகவே தனக்கு நினைவில்லை என்றார்.

இந்த வண்டியில் பானெட்டுக்குக் கீழே ஒரே டேங்க், ஒரே மோட்டார். ஒரு பக்கம் சுற்றினால் முன்னுக்கும் மறுபக்கம் சுற்றினால் பின்னுக்கும் தண்ணீர் போகும். முன்பக்கம் அடிக்கிறது, பின்னுக்குப் போடும்போதும் சத்தம் வருகிறது என்றால் மோட்டார் மேல் பெரிதாகச் சந்தேகம் வேண்டாம். பெரும்பாலும் தண்ணீர் பீய்ச்சும் நாசில் அடைத்திருக்க வேண்டும், அல்லது வழியில் ஹோஸ் விட்டுப்போயிருக்க வேண்டும்.

மெல்லிய ஊசியால் நாசிலைக் குத்திப் பார்த்தோம். உப்புத் துகள் கொஞ்சம் வந்தது, அதன் பிறகும் தண்ணீர் இல்லை. அப்போதுதான் பட்டறைத் தம்பி, வண்டிக்குள்ளே கூரைத் துணியின் பின் ஓரத்தில் பழுப்புக் கறை இருப்பதைக் காட்டினான். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து வீட்டார் ஒரு மழைக்காலம் முழுவதும் மேலே டேப் ஒட்டி வைத்திருந்தார்களாம். ஒழுகியது கூரை அல்ல. டிக்கிக் கதவின் கீல் பக்கத்தில் வயர்களும் ஹோஸும் ஒரு ரப்பர் உறைக்குள் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் மடங்கி நிமிர்கிறது. அதற்குள்ளே ஹோஸின் பிளாஸ்டிக் இணைப்பு உடைந்து கழன்று கிடந்தது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் தண்ணீர் கூரைத் துணிக்குள் போய்க்கொண்டிருந்தது.

உடைந்த இணைப்பை மட்டும் மாற்றினோம். மீன்தொட்டிக் காற்றுக் குழாய்க்கு விற்கும் சின்ன இணைப்பு இந்த ஹோஸுக்குச் சரியாகப் பொருந்தியது. ஹோஸின் நுனியை வெந்நீரில் நனைத்து ஏற்றினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலே கம்பி சுற்றி முறுக்கவில்லை. மடங்கும் இடத்தில் கம்பியே ஹோஸை அறுத்துவிடும். வயர்கள் வெடித்திருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொண்டோம். நன்றாகவே இருந்தன.

கண்ணாடி

வாஷர் அடிக்கத் தொடங்கியதும் இன்னொன்று கண்ணில் பட்டது. தண்ணீர் கண்ணாடியில் விரிந்து ஓடவில்லை. சில இடங்களில் முத்து முத்தாகவும் சில இடங்களில் திட்டுத் திட்டாகவும் நின்றது. மெல்லிய பாலிதீன் பையைக் கையில் மாட்டி விரலால் தடவினால் மணல் காகிதம் போல நெருடியது. வெறும் விரலுக்குத் தெரியாத நெருடல் பைக்குள்ளிருந்து தெரியும்.

காரணம் இரண்டு. போர் தண்ணீரில் கழுவி வெயிலிலேயே காய விட்டதில் உப்புக்கறை படிந்திருந்தது. வாட்டர் வாஷ் கடையில் பம்பருக்கும் டயருக்கும் அடிக்கும் பளபளப்புத் திரவம் கண்ணாடியிலும் தெறித்து, துடைத்த துணியோடு பரவியிருந்தது. எண்ணெய்த் தன்மையுள்ள அந்தப் படலத்தில் ரப்பர் சீராக வழுக்காமல் விட்டு விட்டு எகிறுகிறது.

சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு, வெள்ளை வினிகரில் நனைத்த துணியைக் கண்ணாடியோடு ஒட்டி 10 நிமிடம் விட்டுத் துடைத்தோம். இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. பெயின்ட் மேல் வழியாமல் கீழே துணி மடித்து வைத்தோம். கடைசியாக ஸ்பிரிட் தொட்ட சுத்தமான துணி. இதெல்லாம் வெளிப்பக்கம் மட்டுமே. உள்பக்கம் பனி நீக்கும் சூட்டுக் கம்பிக் கோடுகள் கண்ணாடி மேலேயே ஒட்டியிருக்கும், அங்கே எதையும் வைத்துத் தேய்க்கக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு வைப்பரைப் போட்டால் முக்கால் பங்கு கண்ணாடி தெளிந்தது. வீச்சின் கடைசிப் பகுதியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பட்டை மங்கலாகவே நின்றது.

ஆர்மும் தொங்கு தராசும்

மிச்சமிருந்தது ஆர்மின் அழுத்தம், அதாவது பிளேடைத் தாங்கும் கை தன் ஸ்பிரிங்கால் அதைக் கண்ணாடி மேல் அழுத்தும் பலம். கையால் தூக்கிப் பார்த்து 'ஸ்பிரிங் இருக்கு' என்று சொல்லிவிடுவதுதான் வழக்கம். அந்த வாரம் அதே மாடல் வண்டி இன்னொன்று வேறு வேலைக்காக நின்றதால் அளந்தே பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பெட்டி எடை பார்க்கும் சின்னத் தொங்கு தராசை எடுத்தோம். ஆர்மும் பிளேடும் சேரும் இடத்தில் கொக்கியை மாட்டி, கண்ணாடிக்கு நேர்க்குத்தாக இழுத்து, ரப்பர் கண்ணாடியை விட்டு எழும்பும் நொடியில் எண்ணைக் குறித்தோம். குறையுள்ள வண்டியில் 390 கிராம். நல்ல வண்டியில் 450 கிராம். கொஞ்சம்தான் குறைவு. இது காரணமில்லை என்று தராசைத் திருப்பி வைக்கப் போனேன்.

தம்பிதான் தடுத்தான். ஆர்மைப் பாதி தூக்கி விட்டால் நல்ல வண்டியில் வெடுக்கென்று திரும்புகிறது, இதில் மெதுவாக இறங்குகிறது என்று காட்டினான். உடனே இறக்கத்தையும் அளந்தோம். ஆர்மை இரண்டு விரல் உயரம் தூக்கி, தராசோடு மெல்ல விட்டுக்கொண்டே வந்து, ரப்பர் கண்ணாடியைத் தொடப் போகும் இடத்தில் பார்த்த எண் 160 கிராம். நல்ல வண்டியில் 410.

390, 160 என்ற இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் குறை ஒளிந்திருந்தது. ஆர்ம் மடங்கும் கீலின் முள் துருவேறி இறுகியிருந்தது. தூக்கும்போது நம் கை ஸ்பிரிங்கோடும் துருவோடும் சேர்த்துப் போராடுகிறது, அதனால் எண் கூடுதலாகத் தெரிகிறது. இறங்கும்போது அதே துரு ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்துகிறது. கண்ணாடியை அழுத்துவதற்கு மிஞ்சுவது அந்த 160 மட்டுமே. பின் கண்ணாடி தட்டையும் அல்ல, லேசாகப் புடைத்தது. வைப்பர் ஓடும்போது ஆர்ம் ஏறி இறங்கி அந்த வளைவைப் பின்தொடர வேண்டும். கண்ணாடி சரியும் கடைசிப் பகுதியில் இறுகிய கீல் கீழே இறங்க மறுத்தது. மங்கலான பட்டை அங்கேதான் இருந்தது.

புதுப் பிளேடு மாட்டிய ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் நன்றாக இருந்ததற்கும் விளக்கம் கிடைத்தது. புது ரப்பரின் ஓரம் கூர்மையாகவும் மென்மையாகவும் இருப்பதால் குறைந்த அழுத்தத்திலும் சமாளிக்கும். உப்பு நெருடலும் உலர்ந்த சேறும் ஓரத்தை மழுக்கியதும் குறை திரும்பிவிடும்.

கழற்றியபோது

எண்ணெய் விட்டுப் பார்ப்பதா, நேராக ஆர்மை மாற்றுவதா என்று யோசித்தோம். காசு அவருடையது, எண்ணெய் விட்டுப் பார்க்காமல் மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வண்டியிலேயே வைத்து எண்ணெய் விட்டால் அது கண்ணாடியில் வழிந்து இத்தனை நேரம் துடைத்ததைக் கெடுக்கும். கழற்றியாக வேண்டும்.

வைப்பரை ஓடவிட்டுச் சுவிட்சை அணைத்து அதன் இருப்பிடத்தில் நிற்க வைத்து, பிளேடு படுத்திருக்கும் கோட்டில் கண்ணாடி மேல் டேப் ஒட்டிக்கொண்டோம். திருப்பி மாட்டும்போது ஆர்ம் மோட்டார் தண்டின் பற்களில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் பிளேடு பம்பர் பக்கமோ ஓரத் தகட்டிலோ இடிக்கும். மூடியைத் திறந்து நட்டைத் தளர்த்தினோம். ஆர்ம் அசையவில்லை. இரும்புத் தண்டு, அலுமினிய ஆர்ம், நடுவில் ஏழு மழைக்காலத்துத் தண்ணீர். இரண்டும் வெள்ளைத் துருவில் ஒன்றாகிப் போயிருந்தன.

தம்பி ஸ்குரூ டிரைவரை ஆர்முக்கு அடியில் கொடுத்து நெம்பப் போனான். கையைப் பிடித்தேன். முன் கண்ணாடி நடுவில் படலம் வைத்து ஒட்டியது, அடி பட்டால் கீறல் விட்டு நிற்கும். பின் கண்ணாடி சூடேற்றி இறுக்கிய ஒற்றைக் கண்ணாடி, ஒரு முனையில் அழுத்தம் தாங்காவிட்டால் மொத்தமும் கல்கண்டு போல உதிர்ந்துவிடும். இப்படிப் பின் கண்ணாடியை இழந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறோம்.

துரு விடுக்கும் எண்ணெயைத் தண்டின் பல்லில் மட்டும் சொட்டு விட்டு, சுற்றிலும் துணி வைத்து அரை மணி நேரம் விட்டோம். நட்டைத் தண்டின் நுனிக்குச் சமமாக மாட்டியே வைத்தோம், மரை நசுங்காமல் இருக்க. பிறகு பேட்டரி முனை கழற்றும் சின்ன இரண்டு கொக்கிப் புல்லரை மாட்டி முறுக்கினோம். 'டக்' என்று விட்டது. தண்டின் பற்கள் தேயாமல் இருந்தன. பித்தளைப் பிரஷால் சுத்தம் செய்தோம்.

மேசையில் வைத்துக் கீல் முள்ளில் எண்ணெய் விட்டு, பல முறை மடக்கி நிமிர்த்தி, வழிந்ததையெல்லாம் துடைத்துத் திருப்பி மாட்டி அளந்தோம். தூக்கும்போது 310, இறங்கும்போது 260. துருவின் பிடி விட்டுவிட்டது, இரண்டு எண்களும் நெருங்கிவிட்டன. ஆனால் இரண்டுமே நல்ல வண்டியைவிடத் தாழ்வு. ஸ்பிரிங்கே தளர்ந்திருக்கிறது. அதன் கொக்கியும் துரு தின்று பாதியாக மெலிந்திருந்தது. சிலர் ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி மாட்டுவார்கள். மலைப் பாதையில் ஓடும் வண்டிக்கு அதைச் செய்ய நாங்கள் விரும்பவில்லை. அவரிடம் எண்களைக் காட்டினோம். "அப்ப ஆர்மையே மாத்திடுங்கண்ணா" என்றார். மூன்று பிளேடுக்குக் கொடுத்த காசில் ஒரு ஆர்ம் வாங்கியிருக்கலாம்.

கோயம்புத்தூர் ஸ்பேர்ஸ் கடையிலிருந்து மறுநாள் வந்தது. டேப் கோட்டுக்கு வைத்து மாட்டி, ஆர்மை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்கினோம். பிடிக்காமல் இறுக்கினால் அந்த முறுக்கு மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரத்தில் விழும். அளந்ததில் 440, 410.

சேற்றுச் சோதனை

இந்த முறை குழாயை எடுக்கவில்லை. பட்டறை வாசல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளிப்பானில் ஊற்றிப் பின் கண்ணாடி முழுவதும் அடித்தோம். அரை குறையாக உலர விட்டு வாஷரோடு வைப்பரைப் போட்டோம். மூன்றாவது வீச்சில் கண்ணாடி தெளிந்தது. மங்கல் பட்டை இல்லை. நாங்கள் முதல் வருகையில் மாட்டிய அதே பிளேடுதான். ரப்பர் ஓரத்தை ஈரத் துணியால் துடைத்ததைத் தவிர அதற்கு எதுவும் செய்யவில்லை.

அதன் பிறகு

ஜூலையில் இரண்டு முறை பேசினோம். கனமழையிலும் பின்னால் வரும் வண்டியின் விளக்கு தெளிவாகத் தெரிகிறது என்றார். வாஷர் டேங்கில் போர் தண்ணீருக்குப் பதிலாக வீட்டுச் சுத்திகரிப்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருந்தோம், அப்படியே செய்கிறார். வாட்டர் வாஷ் கடையில் பின் கண்ணாடிப் பக்கம் பளபளப்புத் திரவம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாராம். ஜூனில் விற்ற பிளேடின் விலையைத் திருப்பித் தர முன்வந்தோம், அவர் வாங்கவில்லை. ஆர்ம் மாற்றிய கூலியை நாங்கள் வாங்கவில்லை.

இன்று செய்வதானால்

முதல் நாளே வாஷர் பொத்தானை அழுத்தியிருப்போம். அரை நிமிட வேலை. பின் வாஷர் அடிக்கவில்லை என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் கூரைக் கறையும் அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கும்.

பிளேடு விற்பதற்கு முன் ஆர்மை ஏறும்போதும் இறங்கும்போதும் அளப்போம். தூக்கும் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் இந்த வண்டியை நான்காவது பிளேடோடு மலைக்கு அனுப்பியிருப்பேன். இதில் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை, ஏனென்றால் அவர் அந்த இடைப்பட்ட வாரத்தில் அதே வளைவுகளில்தான் போய் வந்தார்.

ஆர்ம் கழற்றும் வேலையில் புல்லரை முன்கூட்டியே எடுத்து வைப்போம். கையில் ஸ்குரூ டிரைவர் மட்டும் இருந்தால் கை அதைத்தான் நாடும்.

அக்டோபரில் ஆயில் மாற்ற வண்டி வந்தபோது தராசை மாட்டிப் பார்த்தோம். ஏறும்போது 435, இறங்கும்போது 400. ரப்பரின் ஓரம் நடுவில் கொஞ்சம் மழுங்கியிருந்தது, அடுத்த ஜூனுக்கு முன் மாற்ற வேண்டும் என்று அவருடைய சர்வீஸ் அட்டையில் எழுதிக் கொடுத்தோம்.